ஏழு நாற்பது

தும்சி கோலா ஆற்றின் தண்ணீர் மட்டத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து எழுதுவது என் வேலை. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு. தொங்குபாலத்துக்குக் கீழே கரையோரமாகச் சிமெண்ட் தூண்களில் இரும்புப் பலகைகள் அறைந்திருக்கும். அடியிலிருந்து ஐந்து மீட்டர் வரைக்கும் கோடு போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை நோட்டில் எழுத வேண்டும். இதற்கு மூளை வேண்டாம், முழங்கால் இருந்தால் போதும்.

இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். மற்ற இடங்களில் எப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரத்துக்குச் சேர்த்து, நேற்றைய எண்ணில் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. என் இரண்டாவது மகள் பிறந்த அன்று மட்டும் என் புருஷன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்ன எண் சரிதானா என்று மூன்றாம் நாள் நானே இறங்கிப்போய் ஈரக்கோட்டைப் பார்த்துச் சரிசெய்தேன். லால்சரி ஆலே எழுதினால் அது ஆறு சொன்னதுதான் என்ற திமிர் எனக்கு இருந்தது. இப்போது அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

போன சைத் மாதக் கடைசியில், கோடை தொடங்கும்போது, காட்மாண்டுவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெயர் சுயோக் பராஜுலி. முப்பது வயதுகூட இருக்காது. பனிமலை அடிவாரத்திலிருந்து ஆற்றோரமாகவே நாற்பது நாள் நடந்து வந்திருந்தார். திடீர் வெள்ளம் வந்தால் எந்த ஊருக்கு ஆபத்து, எந்த ஊருக்கு இல்லை என்று ஆற்றின் முழு நீளத்துக்கும் கிளை ஓடைகளுக்கும் சேர்த்து வரைபடம் போடுகிற வேலை. சிவப்பு என்றால் குடியிருக்கக் கூடாது. மஞ்சள் என்றால் பார்த்து இருக்க வேண்டும். பச்சை என்றால் காலை நீட்டித் தூங்கலாம்.

பாலத்தடி டீக்கடையில் என் நோட்டுகளை அடுக்கிவைத்துப் புரட்டிக்கொண்டே அவர் சிரித்தார்.

"அக்கா, பதினோரு இடத்துல நோட்டு வாங்கிப் பாத்துட்டேன். ஒரு கட்டம்கூட காலி இல்லாம இருக்கறது உங்களோடது ஒண்ணுதான்."

"எழுதறதுக்குத்தானே சார் வெச்சிருக்காங்க."

"அப்படி நெனக்கிற ஆளு இந்த ஆத்துல ரெண்டு பேர் இல்லக்கா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், கடைக்காரியைப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா என்று கண்ணைக்கூடக் காட்டினேன். அப்புறம்தான் அவர் கணினியைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். ஆற்றின் எங்கள் வளைவில், பாலத்துக்குச் சற்று மேலே, ஒரு பட்டை பச்சையாக இருந்தது.

"இது எந்த இடம் சார்?"

"பகரே வெளி."

பகரே வெளியைப் பற்றித்தான் அந்த வருஷம் ஊரெல்லாம் பேச்சு. பூகம்பத்தில் மேலே லப்சே கிராமத்து மலைச்சரிவு வாய் பிளந்துவிட்டது. வீட்டுக்கு வீடு விரிசல். என் அண்ணன் தன்பீர் வீட்டு அடுப்படித் தரையில் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்க்கலாம். முப்பத்தியொரு குடும்பத்தையும் கீழே பகரே வெளிக்கு இறக்கிவிடலாம் என்று வார்டு ஆபீசில் முடிவாகி, டோசர் விட்டுச் சமப்படுத்தியும் ஆகிவிட்டது. இந்தப் பையன் போடும் நிறத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்னு ஒண்ணு கணக்குப் போடுவோம்க்கா. அதுவே இங்கே உங்க பலகையில நாலு எண்பதைத் தாண்டலை. வெளியோட தரை ஆறரைக்கு மேல இருக்கு."

"நூறு வருஷம் இருந்து பாத்தது யாரு சார்?"

"உங்க நோட்டுதான். அதை வெச்சுத்தான் கணக்கே."

பகரே வெளியின் மேல் ஆறு ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதினேழு வருஷம் முந்தி, ஸாவுன் மாதம், நடு மழைக்காலம். நாலு மணிக்கு இரண்டு பத்து என்று எழுதிவிட்டு மேடேறிக்கொண்டிருந்தேன். கீழே ஆற்றங்கரையில் வெயில், மேலே லப்சே மூடுபனிக்குள். மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அங்கே மேகம் உடைந்திருக்க வேண்டும். ஐந்தரை மணிவாக்கில் பள்ளத்தாக்கு முழுக்க உறுமியது. திரும்பிப் பார்த்தால் ஆறு தண்ணீராகவே இல்லை. பாறையும் வேரோடு மரமும் சேறுமாக எழுந்து நின்று நடந்து வந்தது. பகரே வெளியில் ஏறி, அங்கே கட்டியிருந்த இரண்டு எருமைகளை எடுத்துக்கொண்டு போயிற்று. ஒரு மணி நேரம்தான். விடிந்து எட்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது பலகையில் இரண்டு அறுபது. எழுதினேன். முந்தின மாலை இரண்டு பத்து, மறுநாள் காலை இரண்டு அறுபது. இரண்டும் சத்தியமான எண்கள். நடுவில் வந்துபோன ராட்சசனுக்கு நோட்டில் கட்டம் இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வெளியின் ஓரத்துப் பாறையில் சேறு விட்டுப்போன கோட்டைக் கயிறு கட்டி அளந்தேன். மேல் பலகையின் உச்சிக்கு மேலே இரண்டு மீட்டர் நாற்பது. ஐந்தோடு கூட்டினால் ஏழு நாற்பது. அதை நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். மழை ஓய்ந்து அஸோஜ் மாதம் சோதிக்க வந்த அதிகாரி அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"இது என்ன உன் நாட்குறிப்பா? மூணு கட்டம், மூணு எண். மத்ததெல்லாம் எவன் கேட்டான்? புது நோட்டுல சுத்தமா எழுதிக் குடு."

சுத்தமாக எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பழையதை அடுப்பு பற்றவைக்கக் கிழித்தேன். அந்த மாதிரி நாட்கள் அதற்குப் பிறகும் நாலைந்து வந்தன, அவ்வளவு பெரிதாக இல்லை. எல்லாம் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் வந்து, நடுவிலேயே போய்விட்டன. நான் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. சொன்னபடி கேட்கிறவளுக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இதையெல்லாம் சுயோக் சாரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல பிள்ளைதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"அந்தப் பாறையைக் காட்டுங்கக்கா."

பாறை இல்லை. ரோடு போட வெடிவைத்து உடைத்துவிட்டார்கள். மீதியை டோசர் சமப்படுத்திவிட்டது. லப்சேக்காரர்களைக் கேட்டார். அவர்கள் அன்று மூடுபனிக்குக் கதவடைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். காலையில் வந்து பார்த்தவர்கள்.

"வயல்ல மணல் ஏறுச்சு சார். அது எல்லா வருஷமும் ஏறும்" என்றார் வார்டு தலைவர் தேக் பகதூர். அவருக்கு ரோட்டோர மனை வேண்டியிருந்தது. எல்லோருக்குமே வேண்டியிருந்தது. விரிசலில் படுத்து எழுந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் பஸ்ஸும் பக்கத்தில் வருகிறதென்றால், ஆற்றைப் பற்றிக் கெட்டதாக ஏன் ஞாபகம் வரும்?

சாயங்காலம் சுயோக் சார் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"நான் உங்களை நம்பறேன்க்கா. ஆனா ஆபீஸ்ல வாய்வார்த்தைக்குக் கட்டம் கிடையாது. அந்த வருஷம் நீங்க அனுப்பின மாசத் தாளெல்லாம் ஆபீஸ் மாத்தும்போது தொலைஞ்சிடுச்சு. இருக்கறது உங்க நோட்டு மட்டும்தான். அதுல ஒரே ஒரு எண் இருந்திருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன்."

அவர் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். மறுநாள் படம் பிடிக்க வேண்டிய நோட்டுகளில் அந்த வருஷத்து நோட்டும் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய், நாலு மணிக் கட்டத்தில் இருந்த இரண்டு பத்தைப் பிளேடால் சுரண்டினேன். ஏழு நாற்பது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய். நியாயமாகப் பார்த்தால் அந்த நோட்டிலேயே அதுதான் பெரிய உண்மை. பொய் எழுதிப் பழகியவள் என்றால் எங்கே மாட்டுவோம் என்று யோசித்திருப்பாள்.

காலையில் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தேக் பகதூரும் இருந்தார். சுயோக் சார் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, பலகை அஞ்சு மீட்டரோட முடியுது. ஏழு நாற்பதை எதைப் பாத்துப் படிச்சீங்க?"

கடையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

"ஆகாசத்தைப் பாத்துப் படிச்சிருப்பா" என்றார் தேக் பகதூர். "தங்கச்சிக்கு நாங்க ரோட்டோரம் வர்றது பிடிக்கலை சார். அண்ணன் பொண்டாட்டியோட ஆகாது. அதான் விஷயம்."

சுயோக் சார் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகப் பாலத்துக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு எண் இப்படின்னு தெரிஞ்சா இருபத்திரண்டு வருஷத்தையும் கணக்குலேருந்து எடுத்தாகணும்க்கா. நான் எடுக்கலைன்னா மேல எடுப்பாங்க. என் வேலையும் போகும்."

"எடுத்துட்டு எதை வெச்சுக் கணக்குப் போடுவீங்க?"

"கீழ நாற்பது கிலோமீட்டர்ல தண்ணி அளக்கற அடுத்த ஸ்டேஷன் இருக்கு. அதை வெச்சு."

அங்கே பள்ளத்தாக்கு அகன்று கிடக்கிறது. எந்த வெள்ளமும் அங்கே போய்ச் சேர்வதற்குள் படுத்துவிடும். என் நோட்டை எடுத்ததும் பகரே வெளி இன்னும் பச்சையாகிவிட்டது. அபாயச் சங்கு வைக்கும் ஊர்களின் பட்டியலிலும் எங்கள் பாலம் இல்லாமல் போயிற்று. கணக்கில் இல்லாத ஸ்டேஷனுக்கு எதற்குச் சங்கு? வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள், வேறு ஆள் வரும்வரைக்கும். யாரும் படிக்காத எண்களைத் தினமும் மூன்று தடவை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊரில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு போனால், "ஏழு நாற்பது வருது, வழி விடு" என்பார்கள். சின்னப் பிள்ளைகள்வரைக்கும். என் புருஷனே ஒருநாள் சாப்பிடும்போது, உப்பு எவ்வளவு போட்டாய், ஏழு நாற்பதா என்று கேட்டுவிட்டுக் கையை நக்கிக்கொண்டார். தட்டைப் பிடுங்கி நாய்க்கு வைத்தேன்.

என் அண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. ஒரு மத்தியானம் வந்து வாசலில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு டம்ளர் ஜாண்ட் என்கிற கேழ்வரகுக் கள்ளைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கயிறு கட்டி அளந்தியா?"

"அளந்தேன்."

"அப்ப அது ஏழு நாற்பதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்படின்னா போகாதேண்ணே. இங்கே வந்துடு. எங்க வீட்டுல இடமில்லையா?"

"உன் அண்ணி மைசராவும் பேரனும் விரிசல்ல கால் வெச்சுத் தூங்கறாங்க. இந்த மழைக்கு அந்தச் சரிவு நிக்காது. மேலே இருந்தா மண்ணு, கீழே இருந்தா தண்ணி. தண்ணி எப்பவோதானே வரும். உன் வீட்டுல எத்தனை நாள் இருக்கறது? மச்சான் முகத்தை நான் பாக்கணுமில்ல?"

"அண்ணி வேணாம்னு சொன்னா நீ கேப்பியா?"

"அவளுக்குக் குழாயைப் பாத்ததுமே மனசு அங்க போயிடுச்சு" என்று லேசாகச் சிரித்தார்.

மழை தொடங்குமுன் ஜேட் மாதத்தில் குடியேறினார்கள். ரோட்டோர மனைக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை. சீட்டுக் குலுக்கியும் தீரவில்லை. கடைசியில் ஆற்றுப் பக்கத்து மூலை மனையை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டார். எனக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தியொரு குடும்பத்திலும் ஏழு நாற்பதை நம்புகிற ஒரே மனுஷன், ஆற்றுக்கு முதல் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஏனென்று கேட்டால், "யாராவது எடுக்கணுமில்ல" என்றார். அவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அஸார் மாதம் பிறந்து நாலு நாள் விடாமல் மழை. டவர் செத்துப்போய் யார் போனும் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு மூன்று முப்பது. ஆறு கலங்கலாக, கோபமாக, நியாயமாக ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு அது சரியான எண். பன்னிரண்டு மணிக்குப் போனேன்.

ஒன்று பத்து.

பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்று பத்துதான். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, ஆறு இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுக்குக் கீழே போயிற்று. காலையில் மூழ்கியிருந்த பாறைகள் வழுவழுவென்று வெளியே வந்து நின்றன. இடுக்குகளில் மீன்கள் துள்ளின. காற்றில் பச்சை மண் வாடை. சத்தம் குறைந்திருந்தது. அந்தச் சத்தக்குறைவுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. மேலே எங்கோ ஒரு மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு நாள் மழைத் தண்ணீரும் அதற்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மண் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மண்ணுக்கே தெரியாது.

நோட்டில் எழுதக்கூட இல்லை. ஓடினேன். பாலத்திலிருந்து பகரே வெளி பத்து நிமிஷம். முதல் கூரைக்கடியில் தேக் பகதூரும் ஐந்தாறு பேரும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சோளம் வறுக்கிற வாசனை.

"எல்லாரும் ஸ்கூல் மேட்டுக்கு ஏறுங்க. ஆறு வத்துது. மேலே அடைச்சிருக்கு."

தேக் பகதூர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்கவே இல்லை. "வாங்க ஏழு நாற்பது. இன்னைக்கு எத்தனை?"

"ஒண்ணுக்குக் கீழ போயிடுச்சு."

"ஏறினாலும் ஓடணும், எறங்கினாலும் ஓடணுமா? ஆறு என்னதான் பண்ணணும்ங்கற, லால்சரி? உன்னைக் கேட்டுட்டு ஓடணுமா?"

சிரித்தார்கள். அவர்கள் மேட்டு ஜனங்கள். மண் நகர்ந்தால் கால் விரலிலேயே உணர்ந்துவிடுவார்கள். ஆற்றோடு பழக்கமில்லை. மழையில் ஆறு வற்றினால் அவர்களுக்கு அது நல்ல செய்தி. ஒரு பெண் கூடையை எடுத்துக்கொண்டு மீன் பொறுக்கக் கிளம்பியே விட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "என்ன, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று உதறினாள்.

அந்த உதறலில்தான் எனக்கு அது தோன்றியது. இவர்களிடம் உண்மை செல்லாது. செல்லுகிறது எதுவென்று எனக்குத் தெரியும்.

"சரி, நம்பாட்டிப் போங்க. இன்னொண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்றேன். "ஸ்கூல் மேட்டுல ஜீப் வந்திருக்கு. கூரைக்குத் தகரம் குடுக்கறாங்க. குடும்பத்துல எத்தனை தலையோ அத்தனை தகரம். நேர்ல நிக்கற தலைக்குத்தான். குழந்தை குட்டி வரைக்கும் எண்ணிட்டுத்தான் தருவாங்களாம். ஒரு மணிக்கு ஜீப் திரும்பிடும்."

சீட்டுகள் கீழே விழுந்தன.

நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததே இல்லை. நடக்க முடியாத கிழவரை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நேற்றுப் பிறந்த குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வீடு கூவிக்கொண்டே போனார்கள். சோளம் அடுப்பில் கருகியது. தேக் பகதூர் என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனார். நான் சந்தோஷப்பட்டேன். மூலை வீட்டுக்கு நானே போக வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு தடுமாறிக்கொண்டிருந்தாள், ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். செய்திதான் கடைசி வீடு வரைக்கும் போய்விட்டதே என்று இருந்துவிட்டேன்.

ஸ்கூல் மேடு செங்குத்தாக இருபது நிமிஷ ஏற்றம். மேலே ஏறியதும் ஜீப்பைத் தேடினார்கள்.

"எங்கடி ஜீப்?"

"ஜீப் இல்லை. தகரமும் இல்லை. பொய்தான் சொன்னேன். ஒரு மணி நேரம் இங்கேயே இருங்க. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க."

ஒருத்தி என் முகத்தில் துப்பினாள். தேக் பகதூர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார், யாரோ தடுத்தார்கள். நான் எதையும் துடைக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியாக மைசரா அண்ணி பேரனை முதுகில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அண்ணன் எங்க?"

"வரலைன்னுட்டாரு. அவரைத்தான் தெரியுமில்ல உனக்கு. எங்களுக்குப் போன வருஷமே தகரம் குடுத்தாங்க, இன்னும் கூரை போடாதவன் இருக்கான், அவனுக்குப் போகட்டும்னாரு. எருமைக்குப் புல்லு வைக்கணும்னாரு. நான் பேரனுக்காகத்தான் வந்தேன். அதுவும் அவருக்குப் பிடிக்கலை."

ஐம்பத்து நாலு வருஷமாகத் தெரிந்த மனுஷன். ஒரு வரிசையிலும் நின்று ஒன்றும் வாங்காதவர். ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய ஆசைக்கும் பொருத்தமாக ஒரு பொய்யைத் தைத்தேனே, ஆசையில்லாத ஒருவர் கீழே இருக்கிறாரே என்று எனக்கு நினைவு வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வந்திருக்கக்கூடிய ஒரே ஆளிடம், பொய்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லவும் நான் போகவில்லை, அடுத்தவர்கள் வாயில் விட்டுவிட்டேன்.

பாதையில் பாய்ந்தேன். சறுக்கி, உருண்டு, முள்ளைப் பிடித்து எழுந்து மறுபடி ஓடினேன். பாதி இறக்கத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கிருந்து பகரே வெளி முழுவதும் தெரியும். முப்பத்தியொரு கூரைகள், ஒரு ஆள் இல்லாமல். ஆற்றுப் பக்கத்து மூலையில் மழைக்கு மூங்கில் கொங்காணியைத் தலையோடு போட்டுக்கொண்டு என் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பள்ளத்தாக்கின் மேல்புறத்திலிருந்து உறுமல் வந்தது. எனக்குத் தெரிந்த உறுமல். மேலே ஸ்கூல் மேட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த குரல்கள் சட்டென்று நின்றுபோயின. கீழே, கூரைமேல் விழுகிற மழையில், அவருக்கு அது கேட்டதோ இல்லையோ.

"அண்ணே, வா. வாண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தலையிலிருந்த துணியைப் பிடுங்கி வீசிக் காட்டினேன். இரண்டு கையாலும் வா, வா என்று காட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. தகரத்துக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். கையைத் தூக்கி இரண்டு தடவை அசைத்தார், எனக்கு வேண்டாம், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பிறகு எருமைக்குப் புல் எடுக்கக் குனிந்தார்.